பதுளை வீதியில் இறங்கும் மண்

மாசி மாதத்துக் காலை. வலையிறவுப் பாலத்துக்கு வடக்கே மட்டக்களப்பு வாவி இரண்டு நிறமாகக் கிடந்தது. கிழக்கே எழுவான்கரையை ஒட்டி வெளிர்பச்சை. மேற்கே படுவான்கரைப் பக்கம், ஆறுகள் வந்து விழுகிற திசையில், பால் குறைத்து ஆற்றிய தேநீரின் நிறம். மாரி ஓய்ந்து நாளாகியும் அந்த நிறம் தெளியவில்லை. தோணியின் பின்முனையில் நின்ற பெரியவர் கோலை ஊன்றினார். பாதிக்கோல் போனதும் தட்டியது. இன்னும் அழுத்தினார். இன்னொரு முழம் இறங்கியது. அது சேற்றில் புதைகிற இறக்கம். இழுத்தெடுத்தபோது நுனியில் செந்நிறக் களி ஒட்டிக்கொண்டு வந்தது.

“நான் சின்னப் பொடியனா வலைக்கு வாற காலம் இந்த இடத்தில கோல் முழுக்கப் போகும் மனெ. இப்ப பாத்தியா?”

“இந்த மண் எங்க இருந்து வருது மாமா?”

“மலையில இருந்துதான். பதுளைப் பக்கம் எண்டு சொல்லுவாங்க. நாங்க எங்க போய்ப் பாத்த?”

அந்தக் கடைசிக் கேள்விதான் மறுநாள் விடிய என்னைப் பதுளை பஸ்ஸில் ஏற்றியது. கடலையும் வாவியையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மலை என்றால், மேகமில்லாத காலையில் மேற்கே தெரியும் ஒரு நீலக்கோடு. தேயிலை அங்கிருந்து வருகிறது, மரக்கறி லொறி அங்கிருந்து வருகிறது, மார்கழியில் வெள்ளமும் அங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொள்வோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த ஆழமில்லாத வாவிக்குக் கடலோடு தொடர்பு இரண்டு இடங்களில்தான்: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும். வருடத்தின் பெரும்பகுதி அவற்றையும் மணல் மூடிவிடும். உள்ளே வந்த மண் வெளியே போகக் கிடைப்பது மாரியில் வாய் திறந்திருக்கும் சில வாரங்கள். அதற்குள் போகாதது தங்கிவிடும். பெரியவரின் கோல் தொட்டது அப்படித் தங்கிய மண்ணைத்தான்.

செங்கலடிச் சந்தியில் பஸ் இடப்பக்கம் திரும்பியது. பேராதனையில் தொடங்கி, நுவரெலியா, பதுளை வழியாக மலையைக் கடந்து வரும் ஏ-5 வீதி இந்தச் சந்தியில்தான் முடிகிறது. எங்களுக்கு அது எப்போதும் பதுளை வீதி. கறுத்தப்பாலம் தாண்டியதும் இருபுறமும் வயல்வெளி. வட்டைக்குள் வெட்டு மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீதியின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். சாரதி பொறுமையாக மற்றப் பாதியில் ஊர்ந்தார். பன்குடாவெளி, இலுப்படிச்சேனை, கரடியனாறு. நிலம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்புகிறது, ஆனால் பஸ்ஸில் இருப்பவருக்கு அது தெரியாது. பெரியபுல்லுமலைப் பக்கம் வந்ததும் வீதியோரத்தில் சிவப்புக் கிறவல் பாதைகள் காட்டுக்குள்ளும் மேட்டுநிலங்களுக்குள்ளும் பிரிந்து போயின. சாளரத்தோரம் இருந்தும் அவற்றை நான் சரியாகப் பார்க்கவில்லை. மலையைப் பார்க்கப் போகிறவனுக்கு அந்தச் சின்ன மேடுகள் கணக்கில் வரவில்லை.

இந்த வழி மிகப் பழையது. 1602இல் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் கப்பலை நிறுத்திவிட்டு, விந்தனை வழியாகக் கண்டிக்கு ஏறி முதலாம் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். அவருக்கு முன்னும் பின்னும் பல நூற்றாண்டுகள் இந்தத் திசையில் நடந்தவை தவளமாடுகள். கரையிலிருந்து உப்பும் கருவாடும் முதுகில் ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும்; பாக்கும் மற்றச் சரக்குமாகத் திரும்பும். தவளம் ஓட்டியவர்களில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றார்கள். கண்டி அரசர்கள் காட்டுவழிகளை அகலப்படுத்த விடவில்லை. படை ஏறி வரமுடியாத குறுகிய வழியே அவர்களுடைய அரண். மாட்டின் குளம்பு அகலத்துக்குமேல் மலை வெட்டப்படாமல் இருந்ததற்குப் போர்ப்பயம் காரணமாயிற்று. மலை அந்த ஏற்பாட்டில் பிழைத்துக் கிடந்தது.

குளம்பும் காலும் மண்ணுக்குக் கெடுதல் செய்யாதவை என்று சொல்லவில்லை. நடக்க நடக்க மண் இறுகும். இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது, மேலே ஓடும். ஆனால் சமதரையில் அந்த நீருக்கு ஓட இடமில்லை. ஆடிவேல் காலத்தில் மட்டக்களப்பிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். உகந்தை கடந்து குமண, யால காடுகளுக்குள் வருடாவருடம் ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே தடத்தை மிதிக்கின்றன. அடுத்த மாரி வந்ததும் புல் அந்தத் தடத்தை மூடிவிடுகிறது. அதே கால்கள் ஒரு சரிவில் மேலும் கீழுமாக ஒரு வருடம் நடந்தால் அங்கே வாய்க்கால் விழுந்துவிடும். ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டிப்போகும் கல்லின் எடை 64 மடங்காகலாம் என்பது நீரியலின் பழைய கணக்கு. சரிவு கூடக் கூட நீருக்குக் கை முளைக்கிறது, பிறகு தோள் முளைக்கிறது.

மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். பதியத்தலாவ தாண்டி பிபிலையில் பஸ் கால்மணி நேரம் நின்றது. இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தோம். அதற்குப் பிறகுதான் வீதி உண்மையில் ஏறத் தொடங்குகிறது.

ஏற்றத்தில் முதலில் கண்ணில் படுவது பச்சை. சற்றுப் பழகிய பிறகு வெட்டுமுகம் தெரியும். மலைச்சரிவில் வீதி போடுவது என்றால் மேற்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, நடுவில் ஒரு தட்டை நிலம் எடுப்பது. மேலே வெட்டுப்பட்ட இடத்தில் மலையின் அடி பலம் போகிறது. கீழே கொட்டிய மண் வேர் பிடிக்காத தளர்மண். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். தெரியாதது மூன்றாவது. மலையில் பெய்யும் மழையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கு மேலே கசிந்து, மெதுவாக நாட்கணக்கில் கீழே வருகிறது. வீதிக்காக வெட்டும்போது அந்தக் கசிவின் நரம்பையும் வெட்டிவிடுகிறோம். ஹொப்டனுக்குக் கீழே ஒரு வளைவில், மழை நின்று வாரக்கணக்காகியும் வெட்டுமுகம் ஈரமாக மினுங்கியது. மண்ணுக்குள் மெல்லப் போயிருக்கவேண்டிய நீர் வெளியே வந்து, வீதியோர வடிகானில் சேர்ந்து, அடுத்த மதகு வரை ஓடி, அங்கே ஒரே இடத்தில் மலைமேல் கொட்டுகிறது. நூறு இடத்தில் நூறு துளியாக இறங்கியது இப்போது ஓரிடத்தில் ஓடையாக இறங்குகிறது. மதகின் கீழ்வாயைப் பார்த்தால் போதும். எத்தனை மதகு பார்த்தேனோ, அநேகமாக எல்லாவற்றுக்கும் கீழே ஒரு செம்மண் பள்ளம் கிழிந்து கிடந்தது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மலைக்காடுகளில் மரம் ஏற்றப் போட்ட வீதிகளை 1990களில் நடந்து அளந்த ஆய்வாளர்கள், வீதி நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி தன் நீரை நேரே ஓடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் கண்டார்கள். அதாவது காட்டுக்குள் வீதி என்ற பெயரில் புதிய ஓடைகளை வெட்டியிருந்தார்கள். வொஷிங்டன் மாநிலத்தில் லெஸ்லி ரீட், தோமஸ் டன் இருவரும் 1984இல் வெளியிட்ட அளவீடு இன்னும் கடுமையானது: லொறிகள் ஓயாது ஓடும் ஒரு கிறவல் வீதியிலிருந்து போகும் வண்டல், கைவிடப்பட்ட வீதியிலிருந்து போவதைப் போல 130 மடங்கு. சக்கரம் கல்லை அரைத்து மாவாக்குகிறது, மழை அந்த மாவை அள்ளிப்போகிறது. தார் போட்டால் மேற்பரப்பு அரிப்பது குறையும். ஆனால் தார் ஒரு சொட்டும் குடிக்காது. முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது.

எங்கள் மலையைப் பற்றியே ஒரு கணக்கு உண்டு. அதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. திலக் ஹேவாவசம் என்ற இலங்கை ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2003இல் வெளியிட்டது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மலையின் மேற்பரப்புக் குவார்ட்ஸ் மணலில் பெரிலியம்-10 என்ற அணுவை மிக மெதுவாகச் சேர்க்கின்றன. மலை மெதுவாகத் தேய்ந்தால் அணு அதிகம் சேரும். வேகமாகத் தேய்ந்தால் குறைவாகச் சேரும். ஆற்றுமணலை அள்ளி அந்த அணுவை எண்ணினால், மனிதன் கைவைக்குமுன் மலை என்ன வேகத்தில் தேய்ந்தது என்று தெரிந்துவிடும். இலங்கையின் மத்திய மலைநாட்டில் அந்த இயற்கையான தேய்வு சதுர கிலோமீற்றருக்கு வருடம் 13 முதல் 30 தொன். இன்று பயிர்செய்யும் சரிவுகளிலிருந்து ஆற்றில் வருவது 130 முதல் 2100 தொன். மலை ஒரு பிடி மண்ணைச் செய்து முடிப்பதற்குள் நாம் அதில் பத்துப் பிடியை, சில இடங்களில் நூறு பிடியை, இழந்துவிடுகிறோம். இந்தக் கணக்கில் காடழிப்பும் தேயிலையும் மரக்கறித் தோட்டமும் எல்லாம் அடங்கும். வீதியும் நடைபாதையும் அதில் ஒரு பங்குதான். ஆனால் அந்தப் பங்குக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. வயலில் அரிக்கும் மண் பாதி வழியில் ஒரு புல்வரிசையிலோ கல்லணையிலோ தங்கிவிடலாம். பாதையில் இறங்கிய மண் எங்கும் தங்காது. அதற்கு வழி திறந்தே இருக்கிறது.

லுணுகலையில் இறங்கினேன். கடைத்தெருவைத் தாண்டியதும் தேயிலை தொடங்கியது. தோட்டத்து வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏற, அதை நேராக வெட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதைகள் இறங்கின. லயத்திலிருந்து பிரட்டுக் களத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, பீலிக்கு ஒன்று. வீதி மூன்று கிலோமீற்றர் சுற்றினால் குறுக்குப் பாதை முந்நூறு மீற்றரில் முடிந்துவிடும். முதுகில் கொழுந்துக்கூடையோடு நிற்பவர் எதில் இறங்குவார் என்று கேட்கவே தேவையில்லை. நூற்றைம்பது வருடம் அப்படி இறங்கி ஏறிய பாதை ஒன்றில் நான் நின்றேன். இருபுறமும் தேயிலை என் இடுப்புக்கு மேலே நின்றது. செடி உயரமாக வளர்ந்ததால் அப்படியில்லை. பாதை அவ்வளவு தாழ்ந்துபோயிருந்தது. ஓரத்துச் செடிகளின் வேர்கள் விரல்விரித்தபடி காற்றில் தொங்கின.

மேலே இருந்து மம்பட்டியோடு ஒருவர் இறங்கி வந்தார். அறுபது தாண்டிய வயது. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலைசெய்து ஓய்வுபெற்றவர், இப்போது கொந்தரப்புக்கு எப்போதாவது போகிறார். நான் வேரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு நின்றார்.

“என்னங்க தம்பி, ரோட்டு அளக்க வந்த ஆளா?”

இல்லை, மட்டக்களப்பு, மண் எங்கே போகிறதென்று பார்க்க வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாங்க என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த இரண்டு மணிநேரம் நான் படித்தது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது.

அவர் இருபத்தேழு வருடம் கான் வெட்டியவர். தேயிலை மலையில் கான் என்றால் வெறும் வடிகால் என்று நினைத்திருந்தேன். மலைக்குக் குறுக்கே, ஏறத்தாழ மட்டமாக ஓடும் கான்கள் நீரைப் பிடித்து ஓரத்துக்கு நடத்திப்போகும். ஓரத்தில் கல் பதித்த பெரிய கான் அதை இறக்கிவிடும். குறுக்குக் கானுக்கு வாட்டம் நூற்றிருபது அடிக்கு ஓரடி. “அதுக்கு மேல வாட்டம் குடுத்தா தண்ணி கானையே தின்னுடும். கொறச்சா நின்னு ஒடைச்சிடும்.” கானுக்குள் இடைக்கிடை மண்ணைத் தோண்டாமல் சிறு தடுப்பாக விட்டுவிடுவார்கள். தடுப்புக்கு முன்னால் நீர் தேங்கி, மண்ணை அடியில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குழிமண்ணை அள்ளி, மேலே தேயிலைத் தூருக்கே திருப்பிப் போடுவார்கள். போன மண் அந்த மலையை விட்டுப் போகாமல் இரண்டு நிரைக்குள்ளேயே திரும்பி ஏறிவிடும். இதை அவர் சொன்னபோது ஒரு சமையல் சொல்வதுபோல அத்தனை ஒழுங்காகச் சொன்னார்.

“பாதைக்கும் அதே கதை தான் தம்பி. பாதை கானை வெட்டிக்கிட்டுப் போற எடம் இருக்கு பாருங்க, அங்க கல்லுப் பதிச்சு கானை அடியில விடணும். இல்லாட்டி கான்ல வர்ற தண்ணி பூரா பாதையில எறங்கிரும். நேரா எறங்குற பாதையா இருந்தா, பத்தடிக்கு ஒருக்கா சாய்வா ஒரு கல்லு வரிசை. தண்ணியைக் கையப் புடிச்சு ஓரத்துக்கு அனுப்பணும். அது தனியா ஓடக்கூடாது.”

தணிந்துபோன அந்தப் பாதையின் ஓரத்தில் அப்படிப் பதித்த கற்களில் இரண்டு இன்னும் இருந்தன. மிச்சம் கீழே ஓடைக்குள் கிடந்தன. கல் விலகிய அன்றே யாராவது திருப்பி வைத்திருந்தால் அரைமணி வேலை. இப்போது அந்தப் பள்ளத்தை மூட ஒரு லொறி கல் வேண்டும்.

இப்போது யார் கான் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவர் மம்பட்டிப் பிடியைத் தடவினார். முன்பு ஒவ்வொரு டிவிசனிலும் கானுக்கென்றே ஆட்கள் இருந்தார்களாம். இப்போது இளம்பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களுக்குக் கொழுந்து நிறையைப் பார்த்தே சம்பளம் பேசப்படுகிறது. கானுக்குள் தங்கிய மண்ணுக்கு நிறை பார்க்க யாருமில்லை. எனக்கு இந்த இடம் மனத்தில் தைத்தது. தங்கள் பெயரில் ஒரு பேர்ச் காணி இல்லாமல், அடுத்தவர் மலையின் மண்ணை ஒன்றரை நூற்றாண்டு ஓடாமல் பிடித்துவைத்தவர்கள் இந்த மக்கள். மண்சரிவு வரும்போது முதலில் புதைவதும் அவர்களுடைய லயன்களே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை அப்படியே மூடியது. பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் மண் இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தது. போவதற்கு இடம் கொடுக்காத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பங்கள் என்ன செய்திருக்க முடியும்?

சட்டம் இல்லாமலில்லை. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டவேண்டாம் என்று கியூ தாவரவியற் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இலேயே எழுதினார். அதற்கு நான்கு வருடம் முன், 1869இல், இந்த மலைத்தொடரின் மடுல்சீமையில்தான் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் காணப்பட்டது. கோப்பி செத்து, அதே வெட்டவெளிச் சரிவில் தேயிலை ஏறியது. இடைப்பட்ட வருடங்களில் எவ்வளவு மேல்மண் போனதென்று எழுதிவைத்தவர் இல்லை. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் பசறையிலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. கானின் வாட்டம் முதல் புல்வரிசை வரை எல்லாம் அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. எழுத்து இருக்கும் இடத்துக்கும் மம்பட்டி இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள பாதைதான் அரித்துப்போயிருக்கிறது.

கான் வெட்டிய அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் தேநீர் குடிக்கும்போது என் ஊர் வாவியைப் பற்றிச் சொன்னேன். இந்த மண்தான் அங்கே வருகிறதா என்று அவரும் ஆவலாகக் கேட்டார். வரைபடத்தை விரித்து இருவரும் ஓடைகளின் வழியே விரலை ஓட்டினோம். பதுளை ஓயாவும் லொக்கல் ஓயாவும் வடக்கே போய் மகாவலியில் விழுகின்றன. அந்த நீர் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. கிழக்குச் சரிவில் ஊறுவது கல் ஓயா, எங்கள் வாயில் பட்டிப்பளை ஆறு. அது இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, கொண்டுவந்த மண்ணை அங்கே இறக்கிவிட்டுத்தான் மேலும் நகர்கிறது. வாவிக்கு வருகிற முந்தனையாறு இவ்வளவு உயரத்திலிருந்து தொடங்கவே இல்லை. மகா ஓயாப் பக்கத்துக் குன்றுகளிலும் காட்டிலும் ஊறி, நான் காலையில் கவனியாமல் கடந்துவந்த நிலத்தின் வழியே இறங்குகிறது. என் விரல் பெரியபுல்லுமலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“அப்ப நம்ம மண்ணு இல்லீங்க தம்பி அது,” என்றார் பெரியவர். “ஒங்க மண்ணே தான்.”

திரும்புவதற்கு முன் பசறைப் பக்கம் கொஞ்ச தூரம் போய்வந்தேன். பதின்மூன்றாம் மைல்கல்லைப் பார்க்காமல் திரும்ப மனம் ஒப்பவில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மேலே வெட்டுமுகத்திலிருந்து சரிந்து விழுந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிரே வந்த வாகனத்துக்கு இடம்விட பஸ் ஓரத்துக்குப் போனது, ஓரத்தில் இடமிருக்கவில்லை. மண்ணரிப்பு என்ற சொல்லைக் கேட்டால் நாம் மண்ணை நினைக்கிறோம். எனக்கு இனி அந்தச் சொல்லோடு அந்த வளைவும் சேர்ந்தே வரும்.

வீதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இந்த வீதியைச் சவூதி அபிவிருத்தி நிதியமும் ஒபெக் நிதியமும் கொடுத்த கடனில் அகலமாக்கியிருக்கிறார்கள். முன்பு நாள் முழுக்கக் குலுங்கிய பயணம் இன்று அரைநாளில் முடிகிறது. பிரசவ வலியோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த அகலம் எவ்வளவு பெரிய காரியம் என்பது மலையில் வாழ்கிறவருக்குத் தெரியும். ஆனால் அகலம் கூடும்போது வெட்டும் கூடுகிறது. கம்பிவலைக்குள் அடுக்கிய கல்லணைகளும் தாங்குசுவர்களும் பல இடங்களில் நன்றாக நிற்கின்றன. சுவர் கட்டாத இடங்களில் மலை தன் சாய்வைத் தானே தேடிக்கொள்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவே பெருங்கொடுமை செய்தது. அந்த வடுக்கள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. பஸ்ஸிலிருந்து பார்த்தபோது அவற்றில் பல, ஏதோ ஒரு வீதிவெட்டிலோ பாதையிலோ தொடங்கிக் கீழே இறங்குவதுபோலத் தெரிந்தன. மலை முழுவதையும் ஆராய்ந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன்.

மறுநாள் இறங்கி வரும்போது கண்கள் வேறாகியிருந்தன. பிபிலை வரை வீதி தட்டை என்று போகும்போது நினைத்தேனே, அது தட்டையே இல்லை. மெல்ல எழுந்து மெல்லத் தாழும் நிலம். ஒவ்வொரு தாழ்விலும் ஒரு மதகு, ஒவ்வொரு மதகுக்கும் இருபக்கமிருந்து வடிகான். பெரியபுல்லுமலைக்கு அண்மையில் இறங்கிக்கொண்டேன். வீதியிலிருந்து பிரிந்த ஒரு கிறவல் பாதையில் நடந்தேன். உழவு மெசினும் மணல் ஏற்றும் டிரக்டரும் போகிற பாதை. ஒரு பனை உயரம்கூட ஏறாத மேடு. அதன் நடுவில் சக்கரத்தடம் இரண்டும் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. தடத்தின் அடியில் மெல்லிய செம்மாவு. விரலால் தொட்டு நசித்தேன். வலையிறவில் கோல் நுனியில் ஒட்டி வந்த களியின் அதே நிறம். தடம் பாதையின் கீழ்முனைவரை நேராக ஓடி, வடிகானில் இறங்கி, மதகுக்குள் போய், அப்பால் ஒரு சிற்றோடையில் முடிந்தது. ஓடை கிழக்கே திரும்பியிருந்தது. நடுவில் எங்கும் ஒரு குறுக்குக்கல் இல்லை.

நான் மூன்று கற்களைத் தூக்கிவந்து, லுணுகலைப் பெரியவர் காட்டியபடி சாய்வாகத் தடத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த பொடியன் ஒருவன் நின்று பார்த்தான். பன்னிரண்டு வயதிருக்கும்.

“என்ன செய்றீங்க மாமா?”

“மழை வந்தா தண்ணி நேர ஓடாம இருக்க.”

அவன் கற்களைப் பார்த்தான், பிறகு பாதையைப் பார்த்தான். கம்பால் இடப்பக்கப் புதரைக் காட்டினான். அங்கே, நாயுண்ணிச் செடிகளுக்கு நடுவில், என் நெஞ்சளவு ஆழமான ஒரு பழைய பள்ளம் கீழே போனது.

“அதுதான் முந்திப் பாதை. மழைக்கு அது பள்ளமாப் போயிட்டு. அதுதான் இஞ்சால வந்த.”

“இதுவும் பள்ளமானா?”

“அங்கால போவம்,” என்று வலப்பக்கத்துக் காட்டைக் காட்டிவிட்டு மாடுகளின் பின்னால் போனான். மாடுகள் என் கற்களைச் சுற்றி, இன்னும் தடம் விழாத புல்லின்மேல் ஏறி நடந்தன.